காற்றமுக்கியைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கோயமுத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கும் நெடுஞ்சாலையிலும், போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி மூணாற்றை அடையும் சாலையிலும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையிலும் டயர்க் கடை இல்லாத ஊரைக் காண்பது அரிது. அக்கடைகள் ஒவ்வொன்றிலும் கம்ப்ரஸர் எனப் பட்டறைகளில் வழங்கும் காற்றமுக்கி ஒன்று உண்டு. வண்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறைகளும், பல் மருத்துவரின் அறைகளும், சித்தூர் வட்டத்து அரிசி ஆலைகளில் நிறம் மாறிய அரிசியைக் காற்றின் வீச்சால் பிரித்தெடுக்கும் எந்திரங்களும் இச்சாதனத்தை நம்பியே இயங்குகின்றன. சிறு கடைக்காரர் வைத்திருக்கும் பொருள்களுள் விலை மிகுந்தது பெரும்பாலும் இதுவே.

எந்திரம் தளர்ந்தவுடன் கடைக்காரருக்கு இருவகையான யோசனைகள் கிடைக்கின்றன. ஹெட்டைக் கழற்றி ரிங்கும் வால்வும் மாற்றினால் போதும் என்பார் மெக்கானிக். பழைய எந்திரத்தில் பணம் போடுவது வீண், புதியதை வாங்குக என்பார் விற்பனையாளர். இருவர் கூறுவதிலும் உண்மை இருக்கக் கூடும். ஆயினும் பெரும்பாலும் இருவருமே எதையும் அளந்து பார்த்துக் கூறுவதில்லை. கடன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டிய களப் பணியாளரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரும் கையிலுள்ள கடிகாரத்தையும் எந்திரத்தின் மீதுள்ள கேஜையும் கொண்டே இவ்வினாவுக்கு விடை காண இயலும்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இரண்டும் தமிழ்நாட்டின் எல்லையில் அமைந்தவை. இரண்டிலும் எல்லையோரத்து மக்களுட் பலர் தமிழ் பேசுவோர். ஆனால் ஒன்றின் எல்லை வழி கடல் மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்த சமவெளி; மற்றதன் எல்லை வழி ஓங்கிய மலை. ஒரே எந்திரம் இவ்விரண்டு இடங்களிலும் ஒரே விதமாக நடந்து கொள்வதில்லை. இதனை அறியாமையால் மலையில் நல்ல எந்திரங்கள் குற்றம் சாட்டப்படுவதும், சமவெளியில் கெட்ட எந்திரங்கள் தப்பிவிடுவதும் நேர்கின்றன.

எந்திரத்தின் இயல்பு

சிறு கடைகளில் உள்ளது பிஸ்டன் வகைக் காற்றமுக்கியாகும். பிஸ்டன் கீழிறங்கும்போது உள்வால்வு திறந்து வெளிக்காற்று சிலிண்டருக்குள் புகுகின்றது. மேலெழும்போது உள்வால்வு மூடிக்கொள்ள, காற்று நெருக்குண்டு, வெளிவால்வைத் திறந்து தொட்டியை அடைகின்றது. வால்வு எனப்படுவது மெல்லிய எஃகுத் தகடே. நிமிடத்துக்குப் பல நூறு முறை இத்தகடு எழுந்து படிய வேண்டும். அது சிறிது வளைந்தாலும், அதன் இருக்கையில் கரி படிந்தாலும், நெருக்கிய காற்று வந்த வழியே திரும்பிவிடும். மோட்டார் ஓடும், பிஸ்டன் அசையும், தொட்டி மட்டும் நிரம்பாது.

உஷ்ணம் மாறாத நிலையில் காற்றின் கன அளவைப் பாதியாக்கினால் அதன் அமுக்கம் இரு மடங்காகும் என ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதியை ஒவ்வோர் ஆசிரியரும் அறிவர். ஆனால் எந்திரத்தில் உஷ்ணம் மாறாமல் இருப்பதில்லை. 30 பாகை வெப்பத்திலுள்ள காற்றை ஒரே வீச்சில் எட்டு மடங்கு அமுக்கத்துக்கு நெருக்கி, வெப்பம் வெளியேற வழியே இல்லாமற் செய்தால், அதன் வெப்பநிலை கணக்கின்படி 270 பாகையைத் தாண்டும். சிலிண்டரின் மேலுள்ள செதிள்கள் வெப்பத்தின் ஒரு பகுதியைக் கடத்திவிடுவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறுவதில்லை. எனினும் எண்ணெயைக் கரியாக்க ஏறும் வெப்பமே போதுமானது. இக்காரணத்தாலேயே அமுக்கிகளுக்கென விற்கப்படும் எண்ணெயை ஊற்ற வேண்டும். வண்டி எஞ்சினுக்குரிய எண்ணெயில் கலந்துள்ள சேர்க்கைப் பொருள்கள் வால்வின் மீது கரியாகப் படிகின்றன. மாணவருக்கு இதனை உணர்த்தச் சைக்கிள் பம்பு ஒன்று போதும். அதன் வாயை விரலால் அடைத்துப் பத்து முறை வேகமாக அடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

நெருக்கும் வேலையை இரண்டு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டு, இடையே ஒரு குழாயில் காற்றைக் குளிரச் செய்தால், ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் ஏறத்தாழ 135 பாகையோடு நின்றுவிடும். இதுவே இரண்டு கட்ட அமுக்கி. ஆல்ப்ஸ் மலையில் மான் சென்னிஸ் ரயில் சுரங்கத்தைக் குடைய 1861-இல் நெருக்கிய காற்றால் ஓடும் துளைக்கருவிகளைப் புகுத்தியவர்களும் இவ்வெப்பத்தோடு போராட வேண்டியிருந்தது. அச்சுரங்கம் 1871-இல் திறக்கப்பெற்றது. அதற்குப் பின் உருவங்கள் மாறினவேயன்றி அடிப்படை மாறவில்லை.

கடிகாரச் சோதனை

160 லிட்டர் தொட்டியும் 2 குதிரைத்திறன் மோட்டாரும் உடைய ஓர் எந்திரம் வாளையாற்றுப் பக்கத்து டயர்க் கடையில் இருப்பதாகக் கொள்ளலாம். முதலில் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து நீரை முற்றிலும் வெளியேற்ற வேண்டும். உள்ளே பத்து லிட்டர் நீர் தங்கியிருந்தால் தொட்டி 150 லிட்டராகச் சுருங்கி, எந்திரம் உள்ளதைவிட வலிமை மிக்கதாகத் தோன்றும். பின்னர் ஹோஸுக்குச் செல்லும் வால்வை மூடி, மோட்டாரை இயக்கி, கேஜின் முள் சதுர செண்டிமீட்டருக்கு 4 கிலோவைத் தொடும் நேரத்தையும் 7 கிலோவைத் தொடும் நேரத்தையும் குறிக்க வேண்டும். பி.எஸ்.ஐ. அளவில் இவை ஏறத்தாழ 57-உம் 100-உம் ஆகும். எந்திரம் சூடேறிய பிறகு மறுமுறையும் இவ்வாறே செய்து பார்த்தல் நன்று. தொட்டி வெறுமையாயிருக்கும்போது சுழிக்குத் திரும்பாத முள்ளையுடைய கேஜை நம்பலாகாது. சோதனைக்கு முன் அதனை மாற்றிவிட வேண்டும்.

பாலக்காட்டுச் சமவெளியில் வெளிக்காற்றின் அமுக்கம் சதுர செண்டிமீட்டருக்கு 1.02 கிலோ அளவில் உள்ளது. தொட்டியின் அமுக்கத்தை 3 கிலோ உயர்த்த வேண்டிய வெளிக்காற்றின் அளவு, 160-ஐ 3-ஆல் பெருக்கி 1.02-ஆல் வகுத்தால் கிடைக்கும். அஃது 470 லிட்டர். இதற்கு 3 நிமிடம் ஆயின், எந்திரம் நிமிடத்துக்கு 157 லிட்டர் வெளிக்காற்றைத் தருகின்றது. அவ்வெந்திரமே சில ஆண்டுகளுக்குப் பின் 5 நிமிடம் எடுத்துக்கொள்ளுமாயின், அது தருவது 94 லிட்டரே. ஐந்தில் இரு பங்கு போய்விட்டது.

இந்த எண்ணின் பொருளைக் கடைக்காரர் வேறு விதமாக அறிவார். லாரியின் பெரிய டயர் ஒன்றைச் சதுர செண்டிமீட்டருக்கு 8 கிலோ அளவுக்கு நிரப்ப 900 முதல் 1,000 லிட்டர் வெளிக்காற்று தேவைப்படும். 157 லிட்டர் தரும் எந்திரம் அதனை ஆறு நிமிடத்தில் ஈடுசெய்யும். 94 லிட்டர் தருவது பத்து நிமிடம் எடுக்கும். பத்துச் சக்கர லாரிக்காரர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். 2017-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்து வாளையாற்றில் வணிகவரிச் சோதனைச் சாவடி எடுக்கப்பட்டதன் பின், அங்கு லாரிகள் நீண்ட வரிசையில் நிற்க வேண்டிய காரணம் ஒன்று குறைந்துவிட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். இதனோடு மின்செலவும் சேரும். முன்பு நாளொன்றுக்கு 3 மணி நேரம் ஓடிய மோட்டார் அதே வேலைக்கு 5 மணி நேரம் ஓடுகின்றது. மிகுதியான இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வீதம், மாதம் 25 நாள்களுக்கு 75 யூனிட் வீணாகின்றது.

மலையேறினால் நேர்வது

மூணாறு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் சதுர செண்டிமீட்டருக்கு 0.86 கிலோ அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதே கன அளவுள்ள காற்றையே இழுக்கின்றது. ஆனால் அக்காற்று மெலிந்தது. மேற்கூறிய தொட்டியை அதே 3 கிலோ உயர்த்த இப்போது 470 லிட்டர் போதாது. 558 லிட்டர் வேண்டும். ஆகவே வாளையாற்றில் 3 நிமிடத்தில் வேலையை முடித்த புத்தம் புதிய எந்திரம் மூணாற்றில் 3 நிமிடம் 33 வினாடி எடுத்துக்கொள்ளும். அதிலொரு குறையும் இல்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் இவ்வேறுபாடு மூணாற்றைவிடக் குறைவு. எனினும் கணக்கில் விடத்தக்கதன்று.

சமவெளிக் கடைக்காரரின் எந்திரத்தோடு ஒப்பிட்டுத் தன் எந்திரம் தளர்ந்துவிட்டது எனக் கருதும் மலைக்கடைக்காரர், மோட்டாரின் புல்லியைப் பெரிதாக்கி எந்திரத்தை வேகமாக ஓட்ட முற்படுவதுண்டு. இது தவறான வழி. வேகத்துக்கேற்ப மோட்டாரின் சுமை ஏறுகின்றது. வால்வுத் தகடுகள் படியுமுன் எழ வேண்டியதாகி விரைவில் முறிகின்றன. மேலும், சாதாரண மின்மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரையிலான இடங்களுக்கெனவே குறிக்கப்படுகின்றது. அதற்கு மேல் மெலிந்த காற்று மோட்டாரைச் செவ்வனே குளிர்விப்பதில்லை. மலையில் குளிர்ச்சி மிகுதியாதலால் இக்குறை ஓரளவு ஈடாகிறதேயன்றி, மோட்டாரின் மேல் கூடுதல் சுமை ஏற்ற அஃது இடம் தராது. தயாரிப்பாளர் தகட்டில் பொறித்துள்ள சுழற்சி வேகத்தை மீறலாகாது.

வகுப்பறைக்கும் இது நல்ல கணக்கு. இரண்டு கடைகளின் நேரங்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த எந்திரம் பழுதுற்றது என மாணவரைக் கேட்டால், ஊரின் உயரத்தைக் கேளாமல் விடை கூற முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

குற்றம் எங்கே?

நேரம் மிகுந்துவிட்டது எனக் கண்டவுடன் ஹெட்டைக் கழற்றுவது அவசரம். காற்று உண்டாவது குறைந்ததா, உண்டான காற்று ஒழுகுகின்றதா என்பதே முதல் வினா. தொட்டி 7 கிலோ அளவில் நிரம்பியபின் மோட்டாரை நிறுத்தி, ஹோஸ் வால்வைத் திறந்து, ஆனால் ஒரு வண்டிக்கும் காற்றுப் பிடிக்காமல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் 7-இலிருந்து 6-க்கு இறங்கினால், மேற்கூறிய தொட்டியில் நிமிடத்துக்கு 31 லிட்டர் வீணாகின்றது என்பது பொருள். எந்திரம் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அது. பின்னர் ஹோஸ் வால்வை மூடி மீண்டும் அவ்வாறே பார்த்தால், ஒழுக்கு வெளிக்குழாயிலா, தொட்டியின் பக்கமா என்பது விளங்கும். 7 கிலோ அமுக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 லிட்டரைப் போக்கிவிடும். தளர்ந்த கிளிப்பும் விரிசல் கண்ட ஹோஸும் செய்த குற்றத்துக்காகப் புதிய எந்திரம் வாங்கியவர்கள் உளர் என்பதில் வியப்பில்லை. சோப்பு நீரும் ஒரு தூரிகையும் இதற்குப் போதுமான கருவிகள்.

மோட்டார் நின்றபின் பிரஷர் சுவிட்சின் கீழுள்ள சிறு குழாயிலிருந்து காற்று தொடர்ந்து சீறுமாயின், தொட்டியின் வாயிலுள்ள நான்-ரிட்டன் வால்வு படியவில்லை என்று கொள்ளலாம். அங்கே சிக்கிய கரித்துணுக்கை நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அவ்வாறு செய்யுமுன் தொட்டியை முற்றிலும் வெறுமையாக்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் எத்தனை முறை வலியுறுத்தினாலும் மிகையாகாது. இந்த வால்வு ஒழுகினால் மோட்டாருக்கும் தொல்லை உண்டாகும். தொட்டியின் அமுக்கம் பிஸ்டனின் தலைமேல் அமர்ந்திருப்பதால் மோட்டார் மறுபடி தொடங்க முடியாமல் முனகும்.

மலைத் தோட்டப் பகுதிகளில் முனகலுக்கு வேறொரு காரணமும் உண்டு. மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட்டுக்குரிய மோட்டாருக்கு நீண்ட கம்பித் தொடரின் கடைசியில் 180 வோல்ட்டே கிடைக்குமாயின், அதன் திருப்புவிசை 100-க்கு 61 அளவுக்கு வீழ்ந்துவிடும். ஆதலின் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கட்டப் பொள்ளாச்சிக்கோ தேனிக்கோ அனுப்புமுன், எந்திரம் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு என மீட்டர் வைத்துப் பார்ப்பதும், கண்டென்சரை மாற்றிப் பார்ப்பதும் முறை. இவை ஒரு மணி நேர வேலை.

ஒழுக்கும் இல்லை, மோட்டாரும் நன்று எனில் குற்றம் ஹெட்டில் உள்ளது. பாலக்காட்டுக் கணவாயில் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வீசும் பலத்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வருவதாகும். அப்பருவத்தில் வெளிக்காற்றை வடிகட்டும் ஃபில்டரை வாரந்தோறும் தட்டித் துடைக்காவிடில், அது அடைத்துக்கொண்டு எந்திரம் மூச்சுத் திணறும். கிழிந்துவிட்டாலோ புழுதி உட்புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்து, நேரம் குறைகின்றதா எனக் காண்பது எளிது. குறையாவிடில் வால்வுத் தகடு, காஸ்கெட், ரிங் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டு கட்ட எந்திரத்தில் இடைக்குழாயின் காப்பு வால்வு அடிக்கடி சீறுவது உயர் அமுக்கச் சிலிண்டரின் வால்வு கெட்டதற்கு அடையாளம். வடியும் நீரில் எண்ணெய் மிகுந்து, கிராங்க் பெட்டியின் மூச்சுத் துளையிலிருந்து காற்று வேகமாக வெளிப்படுமாயின் ரிங் தேய்ந்துவிட்டது எனலாம்.

இவையனைத்தும் பழுதுபார்க்கத் தக்கவையே. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் உருவாக்கிய நகரமும், 1960-இல் எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் தொடங்கப்பெற்ற நகரமுமான கோயமுத்தூர் எல்லையோரத்துக் கடைகளுக்கு அண்மையில் இருப்பது பெரும் வசதி. வால்வுத் தகடு, ரிங், பேரிங் ஆகியன அங்கே கிடைக்கும். சிலிண்டரைத் துளைபெருக்கி அடுத்த அளவுப் பிஸ்டன் இடவும் வழியுண்டு. ஹெட்டும் பிஸ்டனும் பற்றிய வரையில் செலவைக் கணக்கிட்டு முடிவு செய்யலாம். தொட்டி அவ்வாறன்று.

தொட்டியைப் பற்றித் தனியாக

மழைக்காலத்தில் 25 பாகை வெப்பமும் 100-க்கு 90 ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் 20 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவி இருக்கும். அது 7 கிலோ அமுக்கத்துக்கு நெருக்கப்பட்டால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. 30 பாகை வெப்பமுள்ள தொட்டியில் அவ்வளவு இடம் தாங்கக்கூடிய நீராவி 4 கிராமுக்கும் குறைவு. எஞ்சிய 16 கிராமுக்கு மேற்பட்ட நீர் திரவமாகித் தொட்டியின் அடியில் தங்குகின்றது. நமது 157 லிட்டர் எந்திரம் நாளொன்றுக்கு 3 மணி நேரம் ஓடினால் 28 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதாவது ஒரே நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் நீர்! ஒரு வாரம் திறக்கப்படாத வடிகுழாய்க்கு மேலே மூன்று லிட்டர் நீர் எஃகை அரித்துக் கொண்டிருக்கும்.

ஆதலால் தொட்டியின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் கூற இயலாது. மழை மறைவுப் பகுதியான மறையூரிலோ வறண்ட கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ நாள்தோறும் வடிக்கப்பெற்ற தொட்டி நெடுங்காலம் உழைக்கும். பீர்மேட்டின் ஈரத்தில் கவனிப்பின்றி விடப்பட்டது அதன் பாதிக் காலத்திலேயே மெலிந்துவிடலாம். மேற்புறத்துப் பெயிண்டைக் கண்டு ஏமாறலாகாது. அரிப்பு உள்ளிருந்து, அதுவும் அடிவரிசையிலேயே, நிகழ்கின்றது.

உருளையான தொட்டியின் சுவர் தாங்கும் இழுவிசை, உள்ளமுக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கிச் சுவர்க் கனத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. சுவரின் கனம் பாதியானால் இழுவிசை இரட்டிக்கின்றது. நீளவாட்டில் செல்லும் இணைப்பு, வட்டமாகச் செல்லும் இணைப்பைப் போல் இரு மடங்கு விசையைத் தாங்குவதாகையால், வெடிக்கும் தொட்டி நீளவாட்டில் பிளப்பதே வழக்கம். 200 லிட்டர் தொட்டியில் 8 கிலோ அமுக்கத்தில் அடைபட்டுள்ள காற்று ஒரே கணத்தில் விரிந்தால் வெளிப்படும் சக்தி, ஒரு டன் எடையை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்கு நிகராகும். சாலையோரத்து ஒற்றையறைக் கடையில், கடைக்காரரும் உதவியாளரான சிறுவரும் வாடிக்கைக்காரரும் நிற்கும் இடத்துக்கு ஓரிரு அடி தொலைவில் இது இருக்கின்றது.

எனவே அடிப்பகுதியில் ஊசித்துளை அளவு ஒழுக்குத் தோன்றினாலும் அத்தொட்டியின் வாழ்நாள் முடிந்தது எனவே கொள்ள வேண்டும். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்பது பட்டறைகளில் பரவலாகக் கேட்கும் யோசனை; அதனை உறுதியாக மறுத்தல் வேண்டும். துளை தோன்றிய இடத்தைச் சுற்றிலும் தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். வெல்டிங்கின் வெப்பம் அதனை மேலும் பலவீனப்படுத்தும். ஒட்டிய துண்டின் விளிம்பில் புதிய விரிசல் தொடங்கும். பசை கொண்டு அடைப்பதைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பழைய சமையல் வாயு உருளையைத் தொட்டியாக்கிக் கொள்வதும் விலக்கத்தக்கது. அது வாடிக்கையாளரின் உடைமையும் அன்று, காற்றும் ஈரமும் புகுவதற்கென அமைந்ததும் அன்று.

துளை இல்லாத, ஆனால் வயதான தொட்டியைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. ஒலியலைகளைக் கொண்டு தகட்டின் கனத்தை வெளியிலிருந்தே அளக்கும் கருவி ஒன்று. அடிவரிசையில் பல இடங்களில் அளந்து தயாரிப்பாளரின் குறிப்போடு ஒப்பிட வேண்டும். மற்றது நீர்ச் சோதனை. தொட்டியை நீரால் முற்றிலும் நிரப்பி, உரிய சோதனை அமுக்கத்துக்கு ஏற்றிப் பார்ப்பது. நீர் நெருங்காத பொருளாதலின் அதில் சக்தி தேங்குவதில்லை. தொட்டி பிளந்தாலும் நீர் சிறிது பீறிட்டு அடங்கிவிடும். காற்றைக் கொண்டே சோதனை அமுக்கத்துக்கு ஏற்றிப் பார்க்க முற்படுவது, வெடிக்குமா என அறிய வெடி வைத்துப் பார்ப்பதைப் போன்றது. அமுக்கக் கலன்களுக்கான இந்தியத் தரக் குறிப்பு 2825 என்ற எண்ணோடு 1969-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 31-ஆம் பிரிவில், பாதுகாப்பான அமுக்கம் மீறப்படாதிருக்கத் தக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என விதித்தது. இருவர் வேலை செய்யும் டயர்க் கடை தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வரவில்லை. எஃகு அந்த வரையறையைப் பார்ப்பதில்லை.

காப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பார்ப்பது சில நொடி வேலை. துருப்பிடித்து அசையாத வால்வை உடனே மாற்ற வேண்டும். ஓயாமல் சீறுகிறது என்பதற்காக அதனைக் கழற்றி, அவ்விடத்தில் போல்ட் திருகி அடைத்து வைத்திருக்கும் எந்திரத்தைக் களப் பணியாளர் கண்டால், வேறெதையும் பேசுமுன் மோட்டாரை நிறுத்தச் சொல்வதே கடமை.

மாற்றுவதானால்

மேற்கூறியவற்றால் மூன்று வகை நிலைமைகள் புலப்படும். தொட்டி உறுதியாயிருந்து ஹெட் மட்டும் தளர்ந்திருந்தால் பழுதுபார்ப்பதே சிக்கனம். ஹெட் நன்றாயிருந்து தொட்டி மெலிந்திருந்தால் தொட்டியை மட்டும் வாங்கி, பழைய ஹெட்டையும் மோட்டாரையும் அதன்மேல் ஏற்றலாம். இவ்வழியைப் பலர் நினைப்பதேயில்லை. மூன்றாவது, எந்திரத்தில் பழுதே இல்லாமல் கடை வளர்ந்துவிட்ட நிலைமை. பிஸ்டன் அமுக்கி இடையிடையே ஓய்வு பெற்று ஓடுவதற்கென அமைந்தது. ஒரு மணி நேரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் அது தொடர்ந்து ஓட வேண்டியிருந்தால், எவ்வளவு செப்பனிட்டாலும் வால்வுகள் மீண்டும் மீண்டும் கருகும். அங்கே பெரிய எந்திரம் வாங்குவதே நியாயம். நாள் முழுதும் ஓயாமல் காற்று வேண்டும் அரிசி ஆலைக்குத் திருகு வகை அமுக்கியும், காற்றின் ஈரத்தைக் குளிரவைத்துப் பிரிக்கும் உலர்த்தியும் ஏற்றவை. நிறம் பிரிக்கும் எந்திரத்தின் நுண்ணிய வால்வுகள் ஒரு துளி நீரையும் எண்ணெயையும் பொறுப்பதில்லை.

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் என்றே கேட்கின்றார். கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்று, எந்த அமுக்கத்தில் என்பது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பிஸ்டன் பெயர்க்கும் கன அளவாக இருக்கலாம். தொட்டிக்கு உண்மையில் வந்து சேர்வது அதனினும் கணிசமாகக் குறைவு. லாரி டயர்களுக்கு 8 கிலோவுக்கு மேல் தேவைப்படுவதால் நெடுஞ்சாலைக் கடைக்கு 12 கிலோ வரை எட்டும் இரண்டு கட்ட எந்திரமே பொருந்தும். கார், இருசக்கர வண்டிகள் மட்டும் வரும் தெருக்கடைக்கு ஒரு கட்டம் போதும். மூணாறு, தேவிகுளம் பகுதிகளுக்கு வாங்குவோர் தமக்கு வேண்டிய லிட்டர் அளவோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கேட்க வேண்டும்.

புதிய எந்திரம் வந்த அன்றே 4-இலிருந்து 7 கிலோவுக்கு ஏற எத்தனை நிமிடம், எத்தனை வினாடி ஆயிற்று என்பதை அளந்து, தேதியோடு தொட்டியின் பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்தல் நலம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவ்வாறே எழுதி வந்தால், பின்னர் வரும் மெக்கானிக்குக்கும் கடன் அதிகாரிக்கும் அந்த எண்களே சாட்சி சொல்லும். கழித்த பழைய தொட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே கொடுத்துவிடலாகாது. காற்றை முற்றிலும் வெளியேற்றி, வால்வுகளைக் கழற்றியபின், அதன் வயிற்றில் அறுத்து ஒரு பெருந்துளை இட்டே கொடுக்க வேண்டும். இல்லாவிடில் அது புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு வேறோர் ஊரின் கடைக்குத் திரும்பி வரும்.